ராஜாவின் மூக்குக்கண்ணாடி

அருங்காட்சியகத்தில் யாராவது புகார் சொல்ல விரும்பினால் முதலில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். புகார் அறை உள்ளே, யானை எலும்புக்குப் பின்னால் இருந்தது. இந்த ஏற்பாடு வந்த பிறகு புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

தையல்காரி தன் அக்காவோடு வந்து வரிசையில் நின்றாள்.

"பெரியவங்க ரெண்டு. சின்னவங்க யாராச்சும் உண்டா?" என்று கேட்டார் சீட்டுக் கிழிப்பவர்.

"இல்ல," என்றாள் அக்கா, தங்கை வாயைத் திறப்பதற்குள்.

வந்த விஷயம் சின்னது. ஒரு செப்புக்காசு. பழைய பொத்தான்களை மூட்டையாக எடைக்கு வாங்குவது தையல் கடையில் வழக்கம். அப்படி வந்த ஒரு மூட்டையில் பொத்தானோடு பொத்தானாக அது கிடந்தது. பச்சை பூத்த காசு. ஒரு பக்கம் நாலு வரி எழுத்து, மறுபக்கம் கிரீடமும் தாடியுமாக ஒரு ராஜா. கடை முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சட்டைக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது," என்று தையல்காரியின் மகளிடம் தூக்கிப் போட்டார். மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வதாகப் பேர் பண்ணுவாள்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரிக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல், கடன் சொல்லி வாங்கிப் போட்டாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்க." பிறகு காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ராஜாவின் கண்கள் தேய்ந்து இரண்டு புள்ளிகளாக இருந்தன. "இவருக்கும் கண்ணு சரியில்ல போலம்மா. பாவம், எப்படி ஊசி கோப்பாரு?" என்று தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ராஜாவின் முகத்தில் இரண்டு வட்டம் கீறினாள். நடுவில் ஒரு வளைவு. காதுக்கு ஒரு கோடு. இரண்டாவது வட்டம் போடும்போது ஊசி வழுக்கியதால் அது கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது.

"ஒரு கண்ணுக்குப் பவர் கம்மி," என்று சமாளித்தாள்.

பிறகு பள்ளியில் பழம்பொருள் வாரம் வந்தது. வாலு ராஜாவை எடுத்துக்கொண்டு போனாள். பார்வையிட வந்த அருங்காட்சியக அதிகாரி, ஆய்வு முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லி, அவள் பேருக்கு ஒரு ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிப் போனார். அடுத்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே ஓடாத மின்விசிறி. வாலு கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "ராஜா வந்துட்டாராம்மா?" என்று கேட்டாள். "வந்துகிட்டே இருக்காரு," என்றாள் தையல்காரி.

ராஜா வரவில்லை. வாலுதான் போனாள்.

குழந்தையின் அப்பா வேறு ஊரில் வேறு குழந்தைகளுக்கு அப்பாவாக இருந்தார். ஆகவே அக்காவும் தங்கையுமாகத்தான் யானை எலும்பைச் சுற்றிக்கொண்டு புகார் அறைக்குப் போனார்கள். அங்கே ஓர் எழுத்தர் ரசீதை வாங்கி, முதலில் தூரத்திலும் பிறகு பக்கத்திலும் வைத்துப் பார்த்தார்.

"இது உங்க பேர் இல்லையே."

"என் பொண்ணு பேருங்க."

"அப்ப அவங்கதான் வரணும். கொடுத்தவங்க கையிலதான் திருப்பிக் கொடுக்கணும். அது விதி."

"அவ இல்லீங்க."

"வெளியூரா?"

தையல்காரி முந்தானையைத் திருகினாள். அக்காதான் சொன்னாள், "இறந்துட்டா."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படின்னா அவங்க நேர்ல வர்றது கொஞ்சம் சிரமம்தான்," என்றார்.

"சிரமம்தான்," என்றாள் அக்கா. "நீங்க வேணா போய்க் கேட்டுட்டு வாங்க."

எழுத்தர் அதைக் கேட்காதவர்போல விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கொடுத்தவர் எந்தக் காரணத்தினாலும் வர இயலாவிட்டால், பொருள் அருங்காட்சியகத்தையே சேரும் என்று அதில் இருந்தது. வெள்ளம், போர், ஞாபக மறதி என்று காரணங்களை வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். மரணம் கடைசியில், 'முதலியன' என்பதற்குள் அடங்கியிருந்தது.

"பார்க்கவாச்சும் விடுவீங்களா?" என்று கேட்டாள் தையல்காரி.

அதற்கு விதியில் தடை எதுவும் இல்லை. எழுத்தர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் வழி சொன்னார்.

காசுப் பிரிவின் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஒரு மெஷின் குளிர்காற்றை விட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு மெஷின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் நீல வெல்வெட் மெத்தை. மெத்தையில் ராஜா படுத்திருந்தார். பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு காசுப் பிரிவின் தலைவர் நின்றார்.

"மூச்ச அந்தப் பக்கம் விடுங்கம்மா," என்றார். "இதுக்கு ஈரம் ஆகாது. சூடு ஆகாது. வெளிச்சம் பட்டா வாடிடும். ராத்திரியும் பகலும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பக்கத்துலயே இருக்கோம்."

தையல்காரிக்குத் தாழ்வாரத்து மின்விசிறி ஞாபகம் வந்தது. மூச்சை அந்தப் பக்கம் விட்டாள்.

தலைவருக்குக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். "இது சாதாரணக் காசு இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, பைசாந்தியப் பேரரசுல அடிச்ச செம்பு. இந்த மாதிரி உலகத்துல ஆயிரக்கணக்குல இருக்கு. அதுல ஒண்ணும் விசேஷமில்ல. ஆனா இத பாருங்க." பூதக்கண்ணாடியை நீட்டினார். "முகத்துல ரெண்டு வட்டம். நடுவுல ஒரு பாலம். இப்படி ஒரு குறி வேற எந்தக் காசுலயும் கிடையாது. யாரோ ஒருத்தன் பேரரசனோட மூஞ்சியிலயே கீறியிருக்கான். அந்தக் காலத்துல அதுக்கு என்ன தண்டனை தெரியுமா? கைய வெட்டிருவாங்க. இது ஒரு ரகசிய இயக்கம்மா. இரட்டை வட்ட இயக்கம். ரெண்டு சூரியன், அதாவது ரெண்டு அதிகாரம். நான்தான் கண்டுபிடிச்சேன்."

மூலையில் இன்னொரு மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவை இருமினார். அவர் துணைத்தலைவர். இரண்டு வட்டமும் வண்டிச் சக்கரம் என்பது அவருடைய கட்சி. சூரியனா சக்கரமா என்ற சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்தி, இப்போது சுற்றறிக்கை மூலம்தான் குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொள்கிறார்கள்.

தையல்காரி பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெரிய வட்டம். வழுக்கிய சின்ன வட்டம். ஊசி நின்று யோசித்த இடம்கூடத் தெரிந்தது.

"அது மூக்குக்கண்ணாடிங்க," என்றாள்.

"எது?"

"அந்த ரெண்டு வட்டம். என் பொண்ணு போட்டது. ராஜாவுக்குக் கண்ணு தெரியலன்னு போட்டா."

தலைவர் சிரிக்கவில்லை. பொறுமையான ஆசிரியர்போலத் தலையை ஆட்டினார். "உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. இந்தக் காசு அடிச்ச காலத்துல மூக்குக்கண்ணாடியே கிடையாது. அது வர்றதுக்கு இன்னும் நூத்துக்கணக்கான வருஷம் இருந்துச்சு. அதனால இது மூக்குக்கண்ணாடியா இருக்கவே முடியாது. புரியுதா?"

"காசு அப்போ. கண்ணாடி இப்போங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் தலைவர். "ரெண்டும் ஒத்துப் போகலையே."

மூலையிலிருந்தவர், தலைவரைப் பார்க்காமல், சுவரிடம் சொன்னார்: "இந்த ஒரு விஷயத்துல நானும் அவர்கூட ஒத்துப்போறேன்னு அவர்கிட்ட யாராச்சும் சொல்லுங்க."

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது அக்கா கேட்டாள், "ஏன்டி, இத்தனை படிச்சா இப்படித்தான் ஆகுமா?"

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஊசி நின்ன இடம் தெரியுதுக்கா," என்றாள்.

இரட்டை வட்டம் ஊரெல்லாம் பரவியது. அருங்காட்சியகத்தின் பையில், குடையில், தேநீர்க் கோப்பையில் எல்லாம் இரண்டு வட்டம். அதற்கென்று தனிக்கூடம் ஒன்று திறப்பதாக அறிவித்தார்கள். கூடத்துக்குப் பெரிய திரைச்சீலை வேண்டும், அதில் இரட்டை வட்டம் தையல்பூவாக வர வேண்டும் என்று தேடியதில், வேலை தையல்காரியின் கடைக்கே வந்து சேர்ந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டது அந்தக் கடை ஒன்றுதான்.

முதலாளி தயங்கித் தயங்கி வந்து அவள் மெஷின் பக்கம் நின்றார். "வேற யார்கிட்டயாவது கொடுத்துரட்டுமாம்மா?"

"இல்ல, நானே தைக்கிறேன்."

தைத்தாள். பொத்தான் கட்டும் பெண் எட்டிப் பார்த்து, "இது என்னக்கா, சைக்கிளா?" என்று கேட்டாள். முதலாளி அவளை முறைத்தார். தையல்காரிதான், "ஆமாடி, ஓட்டிட்டுப் போயிட்டா," என்றாள். சிரிக்க ஆரம்பித்த அந்தப் பெண் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாதி முடிந்தபோது அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் அளவுகோலோடு வந்தார். ஒவ்வொரு வட்டமாக அளந்தார். "வலது வட்டம் சின்னதா இருக்கே."

"காசுல அப்படித்தானேங்க இருக்கு."

"காசுல இருக்கறது கலகக்காரனோட பதற்றம். இது அரசாங்கத் திரைச்சீலை. இதுல பதற்றம் இருக்கக் கூடாது. ரெண்டும் சமமா வரணும்."

பிரித்துத் தைத்தாள். பிரிக்கும் ஊசியைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

திரை முடியும் தறுவாயில் ஒரு பெண் அதிகாரி கடைக்கு வந்தாள். அருங்காட்சியகத்தில் சுத்திகரிப்புப் பிரிவு அவள் பொறுப்பு. பழம்பொருள்களில் படிந்த அழுக்கை எடுப்பது அவள் வேலை. முகத்தில் நல்ல களை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள். இவ்வளவு செய்த அதிகாரியைத் தையல்காரி அதுவரை பார்த்ததில்லை.

"அன்னிக்கு நீங்க காசுப் பிரிவுல சொன்னத கேள்விப்பட்டேன்," என்றாள் அதிகாரி. "நான் உங்கள நம்புறேன்."

தையல்காரியின் கால் மிதிகட்டையிலிருந்து நழுவியது.

"பழைய கீறல்னா அதுக்குள்ளயும் பச்சை பூத்திருக்கணும். இது உள்ள செவ செவன்னு இருக்கு. பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. தலைவர்கிட்ட சொன்னேன். அது இயக்கத்தோட அணையாத நெருப்புன்னு எழுதிக்கிட்டாரு."

தையல்காரி அழுதாள். வாலு போனபிறகு அழுத அழுகைகளில் இது வேறு ரகம். ஒருத்தி நம்புகிறாள். இந்த உலகத்தில் ஒருத்தியாவது தன் மகள் ஒரு காரியம் செய்தாள் என்று நம்புகிறாள். அதிகாரி எழுந்து வந்து அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதீங்கக்கா. திறப்பு விழா அன்னிக்குக் காலையில ஒரு விசாரணைக் குழு உக்காருது. நான்தான் போராடி வாங்கினேன். நீங்க வந்து, என் பொண்ணு கீறினதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்தத நான் பார்த்துக்கறேன்."

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"எடுத்துருவேன்."

"எதை?"

"கீறலத்தான். எங்க விதி ரொம்பச் சுலபம்க்கா. ஒரு பொருள் மேல நூறு வருஷத்துக்கு முந்தி ஏதாவது பட்டிருந்தா அது வரலாறு. நூறு வருஷத்துக்குள்ள பட்டிருந்தா அது அழுக்கு. ஒரு ரசாயனம் இருக்கு. அப்புறம் மெதுவா ஒரு தேய்ப்பு. இருந்த சுவடே தெரியாது. உங்க பொண்ணு மேல எந்தப் பழியும் வராது."

கடையில் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"சுத்தம் பண்ணிட்டுக் காச என்கிட்ட குடுப்பீங்களா?"

அதிகாரியின் முகம் உண்மையாகவே வாடியது. "காசு அரசாங்கத்தோடதுக்கா. அந்தக் கீறல் மட்டும்தான் உங்களோடது. அதத்தான் எடுத்துருவோம்னு சொல்றேன்."

விழா நாள் காலை, அக்காவும் தங்கையும் நடந்தே போனார்கள். அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "உண்மைய உடைச்சுச் சொல்லிரு. அந்த ரெண்டு பேரு மூஞ்சியும் எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கணும். எம் பொண்ணு போட்டதுடா வெண்ணைகளான்னு சொல்லு. பேராவது நிக்கும்ல?"

"பேரு நிக்கும்," என்றாள் தங்கை. "அவ போட்டது நிக்காது."

அக்கா நடையைக் குறைத்தாள். சிறிது தூரம் போன பிறகு, "என்னடி பண்ணப் போற?" என்றாள். தங்கைக்கு அது தெரியவில்லை.

புதுக்கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திரைச்சீலை தொங்கியது, சமமான வட்டங்கள், பதற்றம் இல்லாமல். நடுவில் கண்ணாடிப் பேழைக்குள் ராஜா. விருந்தினர்கள் முன்னதாகவே வந்துவிட்டதால், விசாரணையையும் விழாவையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம், தேநீர்ச் செலவு மிச்சம் என்று இயக்குநர் முடிவு செய்தார். அவர் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பானவர்களே, ஓர் அருங்காட்சியகத்தின் கடமை என்ன? மக்களிடமிருந்து பொருள்களைக் காப்பாற்றுவது. மக்கள் தொடுகிறார்கள். மக்கள் உபயோகிக்கிறார்கள். மக்கள் விளையாடுகிறார்கள். ஒரு பொருள் எங்கள் கைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அதற்கு எதுவுமே நடக்காது. இந்த நிறுவனத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து இங்கே எதுவுமே நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பலத்த கைதட்டல்.

"இந்தக் காசைப் பற்றி ஒரு சிறு ஐயம் எழுந்திருக்கிறது. உண்மைக்கு நாங்கள் அஞ்சுகிறவர்கள் அல்ல. உண்மை எங்களுக்குச் சாதகமாகத்தான் வரும் என்று தெரிந்த பிறகே இந்தக் குழுவை அமைத்தேன். அந்த அம்மா வரலாம்."

தையல்காரி எழுந்து முன்னால் போனாள். காசுப் பிரிவின் தலைவர் ஒரு பக்கம், துணைத்தலைவர் மறுபக்கம். சுத்திகரிப்பு அதிகாரி முன்வரிசையில் இருந்து, தைரியமாகச் சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை அசைத்தாள். அவள் மடியில் சின்னதாக ஒரு ரசாயனப் பெட்டி தயாராக இருந்தது.

"இந்தக் காசுல இருக்கிற குறிய உங்க பொண்ணு போட்டதா சொன்னீங்களாமே?" என்றார் இயக்குநர்.

தையல்காரி பேழையைப் பார்த்தாள். உள்ளே இருந்து ராஜா ஒரு பெரிய கண்ணாலும் ஒரு சின்னக் கண்ணாலும் அவளைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றாள்.

கூடத்தில் சலசலப்பு. அக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லலையா?"

"சொன்னேங்க. அப்ப புத்தி சரியில்ல. புள்ள போன துக்கத்துல வாய்க்கு வந்தத உளறிட்டேன்."

"அப்ப உங்க பொண்ணு இதுல எதுவும் கீறல?"

"இல்லீங்க."

"வரையற பழக்கம் ஏதாவது?"

மெஷினுக்கு அடியில், வீட்டு வாசற்படியில், ரசீதின் பின்பக்கத்தில், கடையில் கணக்கு எழுதும் சுவரில் வாலு வரைந்து வைத்திருந்த அத்தனையும் தையல்காரியின் கண்முன் வந்து நின்றன.

"அவளுக்கு வரையவே தெரியாதுங்க," என்றாள். "ஒரு கோடுகூட நேரா வராது."

சுத்திகரிப்பு அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அந்த முகத்தில் கோபம்தான் இருந்தது. பிறகு, எதையோ புரிந்துகொண்டதுபோல, மடியிலிருந்த பெட்டியை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

காசுப் பிரிவின் தலைவர் எழுந்து, அறிவியல் வென்றது என்றார். துணைத்தலைவர் எழுந்து, வென்றது அறிவியல்தான், சூரியன் அல்ல என்று திருத்தினார். இருவருமே தையல்காரிக்கு நன்றி சொன்னார்கள். பாமர மக்களிடம் இன்னும் நேர்மை இருக்கிறது என்பதற்கு இந்த அம்மாவே சான்று என்று இயக்குநர் சொன்னதும் மறுபடி கைதட்டல். அவள் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா அவளுடைய சில்லிட்ட கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

இயக்குநரின் குரல் இப்போது தழுதழுத்தது. அதற்காக அவர் குறிப்பில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

"நண்பர்களே, அந்தக் கை யாருடையது? நமக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாள். அவளையும் நமக்குத் தெரியாது. இவ்வளவு துணிச்சலோடு ஒரு கோடு போட்டுவிட்டு, சின்ன வயதிலேயே அவன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஆய்வு சொல்கிறது. பெயர் தெரியாத அந்த ஜீவனுக்காக நாம் அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லோரும் எழுந்தார்கள். தொப்பி வைத்திருந்தவர்கள் கழற்றினார்கள். தலைவரும் துணைத்தலைவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் கிழிப்பதை நிறுத்தினார். புகார் அறை எழுத்தர் ஓடிவந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருச் சத்தம் உள்ளே வராதபடி யாரோ கதவைச் சாத்தினார்கள். வாலுவைக் கொண்டுபோன அன்று பின்னால் நடந்தவர்கள் அக்காவும், கடை முதலாளியும், வேலைக்குப் போகிற அவசரத்தில் பாதி வழி வந்த பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

தையல்காரியும் எழுந்து நின்றாள்.

நிமிடம் முடிந்தது. இயக்குநர் இருமினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள், பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. எழுத்தர் குனிந்தபடி வரிசைக்குள் நுழைந்து அவளிடம் வந்தார்.

"முடிஞ்சிருச்சும்மா," என்றார், ரகசியமாக. "உக்காருங்க. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.